வலி ஊசி கெட்டுப்போகுமா?

அச்சன்புதூரில் நாள் முழுவதும் குனிந்து நாற்று நட்டவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால் என்ன செய்வார்? நேரே டாக்டரிடம் போவார். "ஒரு ஊசி போட்டு விடுங்க ஐயா" என்பார். மாத்திரை எழுதிக் கொடுத்தால் அவருக்கு மனசு ஆறாது. ஊசி போட்டால்தான் வைத்தியம்! தென்காசிப் பக்கம் மட்டுமல்ல, எங்கும் இதே கதைதான்.

அந்த ஊசியில் பெரும்பாலும் இருப்பது டைக்ளோபினாக் என்ற மருந்து. சிறு கண்ணாடிக் குப்பியில் 3 மில்லி திரவம் இருக்கும். அதில் 75 மில்லிகிராம் மருந்து கரைந்திருக்கும். கம்பெனியில் அடைத்த மருந்து, உடம்பில் ஏறும்போதும் அப்படியே இருக்கிறதா? அதுதான் கேள்வி.

கொதியில் ஓர் ஆபத்து

ஊசி மருந்து நேரே உடம்புக்குள் போகிறது. அதில் ஒரு கிருமிகூட இருக்கக் கூடாது. அதற்காகக் குப்பிகளை ஒரு பெரிய இயந்திரத்தில் வைத்து நீராவியில் வேக வைப்பது வழக்கம். நம் வீட்டு பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 121 டிகிரி சூட்டில் 15 நிமிஷம் வைத்தால் கிருமிகள் சாகும்.

ஆனால் சில மருந்துகள் அந்தச் சூட்டைத் தாங்காது. டைக்ளோபினாக் அதில் ஒன்று. சூட்டில் அதன் ஒரு பகுதி, தண்ணீரை இழந்து சுருண்டு, வேறொரு ரசாயனமாக மாறிவிடுகிறது. 2001-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதை அளந்து காட்டியது. குப்பிகளைச் சுமார் 123 டிகிரியில் 15 நிமிஷம் வைத்தபோது, அந்த வேண்டாத பொருள், மூலப்பொருளுக்கு பிரிட்டிஷ் மருந்து நூல் அனுமதித்த அளவைத் தாண்டிவிட்டது. திரவத்தின் காரத்தன்மையைப் பொறுத்து அது கூடவும் குறையவும் செய்தது.

இதில் ஒரு சங்கடம் பாருங்கள். குப்பியைத் தூக்கிப் பார்த்தால் மருந்து தெளிவாகவே தெரியும். கண்ணுக்கு ஒன்றும் அகப்படாது!

வேறு வழி உண்டு. மருந்தைச் சுட வைக்காமல், 0.22 மைக்ரான் துளை உள்ள வடிகட்டியில் வடிப்பது. தலைமயிரின் கனத்தில் சுமார் முந்நூறில் ஒரு பங்குதான் அந்தத் துளை. கிருமி மேலேயே நின்றுவிடும். ஆனால் வடித்த பிறகு குப்பியில் அடைக்கும் அறை மிகமிகச் சுத்தமாக இருக்க வேண்டும். அதற்குச் செலவு அதிகம்.

மற்ற வலி மருந்துகளுக்கு வேறு எதிரிகள். நரம்பில் ஏற்றும் பாராசிட்டமாலில் காற்றின் ஆக்சிஜன் கலந்தால் நிறம் மாறும். ஆகவே நைட்ரஜன் வாயுவைச் செலுத்திக் காற்றை வெளியேற்றுகிறார்கள். புற்றுநோயாளிகளின் வலி தீர்க்கும் மார்பினும் காற்றாலும் வெளிச்சத்தாலும் பழுப்பேறும்.

புதிய சட்டம்

மருந்து தயாரிப்பு விதிகளை மத்திய அரசாங்கம் 2023 டிசம்பரில் திருத்தியது. "அட்டவணை எம்" என்று அதற்குப் பெயர். மருந்து நாளாக நாளாக எப்படி இருக்கிறது என்று கம்பெனி தொடர்ந்து சோதிக்க வேண்டும். பெரிய கம்பெனிகளுக்கு ஆறு மாதமே தவணை. அவகாசம் கேட்ட சிறிய, நடுத்தரக் கம்பெனிகளுக்கு 2025 டிசம்பர் 31 வரை தவணை நீண்டது.

நல்ல சட்டம்தான். ஆனால் அது தொழிற்சாலைக்கான சட்டம். தொழிற்சாலை வாசலைத் தாண்டிய பிறகு குப்பி லாரியில் வருகிறது; கடையில் கிடக்கிறது. பல குப்பிகளின் லேபிளில் "30 டிகிரிக்கு மேல் வைக்காதே, வெளிச்சம் படாமல் வை" என்று இருக்கும். குற்றாலச் சாரல் ஆனி, ஆடியில் ஊரைக் குளிர வைக்கும். சித்திரை வெயிலில் தகரக் கூரைக் கடைக்குள் 30 டிகிரி எங்கே நிற்கிறது? சூடு 10 டிகிரி ஏறினால் ரசாயன மாற்றம் பெரும்பாலும் இரண்டு மடங்கு வேகமாகும். மருந்துக்கடை லைசென்சிலும் பாதுகாப்பாக வைக்கும் நிபந்தனை உண்டு. அதைக் கோடையில் போய்ப் பார்க்க வேண்டும்!

அரசு ஆஸ்பத்திரி மருந்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு காவல் இருக்கிறது. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், வந்து இறங்கும் மருந்தில் மாதிரி எடுத்து, கம்பெனிப் பெயரை மறைத்து, சோதனைக்கு அனுப்புகிறது. தேறிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். தனியார் கடையில் வாங்குகிறவருக்கு இந்தக் காவல் இல்லை.

ஒரு நன்மை மட்டும் எதிர்பாராமல் வந்தது. முன்பு டைக்ளோபினாக் பெரிய புட்டியிலும் விற்றது. அதை மாட்டுக்குப் போட்டார்கள். செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டுக் கூட்டம் கூட்டமாக மடிந்தன. 2006-ல் மாட்டுக்குத் தடை வந்தது. 2015-ல் மனிதருக்கும் ஒரு வேளைக் குப்பி மட்டுமே என்று உத்தரவாயிற்று. 2017-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கழுகுக்காக வந்த உத்தரவால், பலமுறை குத்தி எடுக்கும் திறந்த புட்டி மனிதருக்கும் ஒழிந்தது.

கடையில் குப்பி வாங்கினால் அட்டைப்பெட்டியோடு கேளுங்கள். நிழல் தருவது அந்தப் பெட்டிதான். கலங்கியிருந்தாலோ துகள் மிதந்தாலோ திருப்பிக் கொடுங்கள். பில்லில் பேட்ச் நம்பரையும் காலாவதித் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யப் போனால் அவர் முதலில் கேட்பது அந்த நம்பரைத்தான்.