ஆடி மாசத்துலயும் இஎம்ஐ கட்டணும்: பழைய கிராஃபிக்ஸ் கார்டை மாத்தலாமா?



திருவண்ணாமலையில இருக்கிற என் சித்தி பையன் போன வாரம் போன் பண்ணான். வீட்ல இருந்தே ஐடி வேலை பார்க்கிறான். சனி, ஞாயிறுல உள்ளூர் ஸ்டுடியோ ஒண்ணுக்குக் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறான். "அண்ணா, என் கிராஃபிக்ஸ் கார்டு ரொம்பப் பழசு. வீடியோ திக்கித் திக்கி ஓடுது. ஒர்க்ஸ்டேஷன் கார்டு ஒண்ணு பார்த்து வச்சிருக்கேன். எஃப்டியை உடைச்சுப் பாதி கட்டிட்டு, மீதிக்கு இஎம்ஐ போட்டுடவா?"ன்னு கேட்டான்.

அந்த எஃப்டிதான் அவனோட எமர்ஜென்சி ஃபண்டு. மூணு மாச வீட்டுச் செலவு. அதனால உட்கார்ந்து கணக்குப் போட்டோம். உங்களுக்கும் இது உதவும்.

அவன்கிட்ட இருக்கிறது ஜிடிஎக்ஸ் 1080 டிஐ. 2017 மார்ச்ல 699 டாலருக்கு வந்தது. பார்த்து வச்சிருக்கிறது ஆர்டிஎக்ஸ் 2000 அடா. 2024 பிப்ரவரியில 625 டாலர்னு அறிவிச்சாங்க. ரெண்டும் என்விடியாவோடதுதான்.

மெமரி: பழசுல 11 ஜிபி, புதுசுல 16 ஜிபி.
மெமரி வேகம்: பழசு நொடிக்கு 484 ஜிபி, புதுசு 224 ஜிபி.
கணக்கிடும் திறன்: பழசு சுமார் 11.3 டெராஃப்ளாப்ஸ், புதுசு 12.
கரண்ட்: பழசு 250 வாட்ஸ், புதுசு 70 வாட்ஸ்.

கவனிச்சீங்களா? 7 வருஷம் கழிச்சு வந்த கார்டு, அடிப்படைத் திறன்ல பழசை விடக் கொஞ்சம்தான் மேல. மெமரி வேகத்துல பாதிகூட இல்ல. அப்புறம் எதுக்குக் காசு? மெமரியில வர்ற பிழையைத் தானே திருத்திக்கும் இசிசி, கேட் மாதிரி சாஃப்ட்வேர்களுக்குச் சோதிச்சு உறுதிப்படுத்தின டிரைவர், ஏஐ வேலைக்கான டென்சர் கோர், ஏவி1 என்கோடிங். நல்ல விஷயங்கள்தான். ஆனா கல்யாண ஆல்பம் வீடியோவுக்கு இதுல முதல் ரெண்டும் தேவையே இல்ல.

"கரண்ட் மிச்சமாகுமேண்ணா"ன்னான். முழு லோடுல வித்தியாசம் 180 வாட்ஸ். மாசம் 8 நாள், நாளுக்கு 6 மணி நேரம்னா ரெண்டு மாசத்துக்கு 17 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வச்சாலும் பில்லுல 140 ரூபாய்கூடக் குறையாது. கார்டு 70,000 ரூபாய்னு வச்சுக்கிட்டா, கரண்ட் மிச்சத்துல மட்டும் அதை மீட்க 84 வருஷம் ஆகும்!

சரி, வீடியோ ஏன் திக்குது? அந்த ஸ்டுடியோ கேமராவுல பதிவாகிறது எச்.265, 4:2:2 10-பிட் ஃபார்மேட். இதை ஹார்டுவேர்ல டீகோடு பண்ற வசதி 1080 டிஐல இல்ல. 2000 அடாவுலயும் இல்ல! என்விடியா அதைக் கொடுத்ததே அடுத்த தலைமுறையான பிளாக்வெல்லதான். அதாவது எஃப்டியை உடைச்சு வாங்கியிருந்தாலும் அதே இடத்துல திக்கியிருக்கும்.

தீர்வு? பிராக்ஸி ஃபைல். ராத்திரி படுக்கும்போது சின்ன சைஸ் காப்பி ரெடி பண்ணப் போட்டுட்டா, காலையில சுலபமா எடிட் பண்ணலாம். கடைசியில ஒரிஜினல்ல இருந்தே ஃபைனல் வீடியோ வந்துடும். செலவு பூஜ்யம்.

என் கருத்து இதுதான்: பக்க வருமானத்துக்காக ஒரு பொருளை வாங்கும்போது, அது பழசா புதுசான்னு பார்க்காதீங்க. அது வந்தா மாசம் எவ்வளவு ரூபாய் கூடுதலா வரும்னு பாருங்க. தம்பிகிட்ட கேட்டேன், "புது கார்டு வந்தா ஸ்டுடியோ கூட வேலை தருவாங்களா?" யோசிச்சான். "இல்லண்ணா, முகூர்த்தம் எத்தனையோ அத்தனைதான்"ன்னான். ஆடியிலயும் மார்கழியிலயும் கல்யாணம் இல்ல. ஸ்டுடியோ பணமும் வராது. ஆனா இஎம்ஐ தேதி தவறாம வரும். அது சம்பளத்துலதான் கை வைக்கும்.

பழசுக்கு நான் வக்காலத்து வாங்கலை. 1080 டிஐக்கான வழக்கமான டிரைவர் அப்டேட் 2025 அக்டோபரோட முடிஞ்சிடுச்சு. பாதுகாப்பு அப்டேட் மட்டும் 2028 அக்டோபர் வரைக்கும் வரும். குடா 13லயும் அதுக்கு சப்போர்ட் இல்ல. அதனால கையில இருக்கிறதை ஓட்டுங்க, ஆனா ரிச்சி ஸ்ட்ரீட்ல செகண்ட் ஹேண்டா தேடிப் போய் வாங்காதீங்க. கேட், பெரிய 3டி சீன், 11 ஜிபியில அடங்காத ஏஐ மாடல்னு உங்க வேலை இருந்து, அதுக்குக் கிளையன்ட் காசும் கொடுத்தா, ஒர்க்ஸ்டேஷன் கார்டு தாராளமா வாங்கலாம்.

வாங்குறதா இருந்தா மூணு விஷயம். ஒண்ணு, எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாதீங்க. ரெண்டு, ஸ்டுடியோ பணம் வரும்போதெல்லாம் ஒரு பங்கைத் தனி ஆர்டியில போட்டு, சேர்ந்ததும் மொத்தமா வாங்குங்க. மூணு, வாங்குறதுக்கு முன்னாடி உங்க ஃபைலை எடுத்துட்டுப் போய் அந்த கார்டுல ஓட்டிக் காட்டச் சொல்லுங்க.

தம்பி மாசம் 2,000 ரூபாய்க்கு ஆர்டி ஆரம்பிச்சுட்டான். எஃப்டி அப்படியே இருக்கு. உங்க வீட்லயும் "பழசாயிடுச்சு"ன்னு ஒரு பொருள் இருந்தா, கார்டைத் தேய்க்கிறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க. அடுத்த வீடியோவுல சந்திப்போம்!