களையெடுக்கும் யந்திரமும் அதன் கவர்னரும்

வெள்ளாற்று அணைக்கட்டும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் அமைந்துள்ள சேத்தியாத்தோப்பைச் சுற்றியுள்ள கிராமங்களில், கரும்பு வரிசைகளுக்கிடையே களையெடுப்பதற்குச் சிறு பெட்ரோல் யந்திரங்கள் பழக்கத்திற்கு வந்துவிட்டன. புல்வெளியைக் கத்தரிக்கும் யந்திரத்தில் உள்ளதும் இவ்வகை இஞ்சினேயாகும். கூலியாள் கிடைப்பது அரிதாகிவிட்ட இக்காலத்தில் இவற்றின் உதவி பெரிது. ஆனால் இவற்றைப் பழுது பார்ப்பதில் ஒரு தீய வழக்கமும் உடன் வந்திருக்கிறது. இஞ்சின் ஒரு சீராக ஓடாமல் ஏறியும் இறங்கியும் இரைந்தால், கவர்னர் கெட்டுவிட்டதென்று தீர்மானித்து, அதன் ஸ்பிரிங்கை வளைத்தோ, கம்பியால் இழுத்துக் கட்டியோ வேலையை முடித்துக்கொள்ளுகிறவர்கள் உளர். இது நிறுத்தப்பட வேண்டிய வழக்கம்.

இத்தவறு நேருவதற்குக் காரணம் மோட்டார் சைக்கிளின் பழக்கமே எனலாம். அதில் கைப்பிடியைத் திருகினால் கார்புரேட்டரின் வழி நேரே திறக்கிறது. களையெடுக்கும் யந்திரத்திலோ கைப்பிடியிலுள்ள திராட்டில் நெம்புகோல் ஒரு ஸ்பிரிங்கை இறுக்குகிறது, அவ்வளவுதான். அந்த ஸ்பிரிங் கார்புரேட்டரின் தகட்டைத் திறக்க இழுக்கும். இஞ்சினுக்குள் சுழலும் சிறு எடைகள் வேகம் ஏற ஏற வெளியே விரிந்து அதனை மூடத் தள்ளும். இரண்டும் சமமாகும் வேகத்தில் இஞ்சின் நிலைபெறுகிறது. ஜேம்ஸ் வாட் 1788ஆம் ஆண்டில் நீராவி யந்திரத்திற்குப் பொருத்திய கவர்னரின் தத்துவமும் இதுவே. சில இஞ்சின்களில் எடைகளுக்குப் பதிலாக, குளிர்விக்கும் விசிறியின் காற்றால் தள்ளப்படும் ஒரு தகடு இவ்வேலையைச் செய்கிறது. அவற்றில் விசிறிக் கூட்டில் புல்லும் தூசியும் அடைத்துக்கொண்டால், காற்றுக் குன்றி இஞ்சின் வரம்பு மீறி ஓடும்.

ஏறி இறங்கும் ஓட்டத்தில் கவர்னர் பெரும்பாலும் குற்றமற்றது. பெட்ரோல் போதாமல் வேகம் தாழ்கிறது, கவர்னர் வழியைத் திறக்கிறது, வேகம் மிஞ்சுகிறது, உடனே மூடுகிறது. தன் கடமையைச் செய்யும் காவற்காரனையே கள்வனென்று பிடிப்பது போன்றது அதன் மேல் கை வைப்பது. ஐயம் தீர ஒரு சோதனை உண்டு. இஞ்சின் ஓடும்போதே சோக்கைச் சிறிது மூடிப் பார்க்க வேண்டும். ஓட்டம் சீர்ப்பட்டால், குற்றம் கார்புரேட்டரின் ஜெட் அடைப்பிலோ, இணைப்பு அட்டை வழியாகக் காற்றுப் புகுவதிலோ இருக்கிறது. ஜெட்டின் துளையை மெல்லிய செப்பு இழையாலும் காற்றாலுமே சுத்தம் செய்ய வேண்டும். ஊசியால் குத்தினால் துளை விரிந்து பெட்ரோல் வீணாகும். சோக்கினால் மாறுதல் காணாவிடில் மட்டுமே கவர்னரின் கைகளையும் கம்பிகளையும் பார்க்கலாம். அவை தடையின்றி அசைகின்றனவா, ஸ்பிரிங் உரிய துளையில் மாட்டப்பட்டுள்ளதா, திராட்டில் கம்பி உறைக்குள் துருப்பிடித்துச் சிக்குகிறதா என்பவை நோக்கத்தக்கன. பிளக்கின் கம்பியைக் கழற்றாமல் இவற்றில் கை வைத்தலாகாது.

அடைப்பு ஏற்படுவதற்கு எரிபொருளும் ஒரு காரணம். கரும்பாலைகளின் மொலாஸஸிலிருந்தும் தானியங்களிலிருந்தும் வடிக்கப்படும் எத்தனாலைப் பெட்ரோலில் நூற்றுக்கு இருபது பங்கு கலக்கும் இலக்கு 2025ஆம் ஆண்டில் எட்டப்பட்டது. கரும்புக் குடியானவனுக்கு இதனால் நன்மை உண்டு. ஆயினும் பழைய சிறு இஞ்சின்களுள் பல, நூற்றுக்குப் பத்துப் பங்கு வரையே ஏற்கும்படி செய்யப்பட்டவை. எத்தனாலோ காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. பருவம் முடிந்து மாதக்கணக்கில் மூலையில் கிடக்கும் யந்திரத்தில் பழைய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கிறது. தான் விளைவித்த கரும்பே தன் யந்திரத்தை நிறுத்தும் விந்தை இது!

ஸ்பிரிங்கைக் கட்டுவதால் விளையும் கேடு சிறிதன்று. இவ்வகை இஞ்சின்களுள் பல, நிமிஷத்திற்கு ஏறக்குறைய 3600 சுற்று ஓடுவதற்கென்று அமைந்தவை. அது 4500 ஆனால் வேகம் கால் பங்கே கூடுகிறது. சுழலும் உறுப்புக்களைப் பிய்த்தெறிய முயலும் விசையோ ஒன்றரை மடங்குக்கும் மேலாகிறது. கனெக்டிங் ராடு முறிந்தால் இஞ்சினின் கூடே உடையக்கூடும். கத்தி சிதறினால் அதன் பின்னே நடக்கும் கூலியாளின் கால் போகும். யந்திரத்தின் சொந்தக்காரர் வரப்பில் நிற்கிறார். கைப்பிடியைப் பிடித்திருப்பவன் வேறொருவன் என்பதை மறத்தல் தகாது.

ஆகவே, மானியத்தில் பெற்ற யந்திரத்தைச் சோதிக்க வரும் அலுவலர்கள், அது இருக்கிறதா என்று மட்டும் குறித்துச் செல்வது போதாது. ஸ்பிரிங் கட்டப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க ஒரு நிமிஷமே ஆகும். கட்டப்பட்டிருந்தால், அதனை அவிழ்த்துச் சரிசெய்யும் வரை வாடகைக்கு விடலாகாதென்று எழுதி வைப்பது கிராம நலனுக்கு உகந்தது. வாங்கும் வேளையில் கவர்னரின் இயல்பைத் தமிழில் விளக்கிச் சொல்லாத விற்பனையாளர்களும் இக்குறையில் பங்குடையவர்களே.

களையெடுப்பு முடிந்தவுடன் தொட்டியிலுள்ள பெட்ரோலை வடித்துவிட்டு, திருகை மூடி, கார்புரேட்டரில் எஞ்சியது தீர்ந்து இஞ்சின் தானே நிற்கும் வரை ஓடவிட வேண்டும். இதற்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். அடுத்த பருவத்தில் மெக்கானிக்கைத் தேடி அலையும் இரண்டு நாள் மிஞ்சும்.