எந்தத் தரவுத்தளத்தில் நிற்கிறோம் என்பதை எடிட்டர் காட்ட வேண்டும்

கோட் எடிட்டர்களில் தரவுத்தள வசதிகளை மேம்படுத்துவது பற்றிக் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களான எங்கள் கூட்டமைப்பின் நிலைப்பாடு: முதலில் பாதுகாப்பு வேண்டும். அதை நீட்சி எழுதுபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடாமல் எடிட்டரே ஏற்க வேண்டும்.

2017 ஜனவரி 31 அன்று கிட்லாப் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர், துணை சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் போஸ்ட்கிரஸ் தரவுகளை அழித்துவிட்டார். சுமார் ஆறு மணி நேரத் தரவு போனது போனதுதான். நடந்ததை அந்நிறுவனமே ஒளிவுமறைவின்றி எழுதியது. எந்த சர்வரில் இருக்கிறோம் என்பது டெர்மினலிலேயே பளிச்செனத் தெரிய வேண்டும் என்பதும் அதன் திருத்தப் பட்டியலில் இருந்தது. எடிட்டருக்கும் இது பொருந்தும். சோதனைத் தளமும் ப்ரொடக்‌ஷனும் ஒரே நிறத் தாவல்களாக அருகருகே திறந்திருக்கும்போது, களைத்த கண்ணை நம்பி வேலை செய்யச் சொல்வது நியாயமில்லை.

இன்னொரு ஆபத்து அன்றாடம் நடக்கக்கூடியது. டெலிட் கட்டளை ஒரு வரியில், எந்தப் பதிவை நீக்குவது என்ற நிபந்தனை அடுத்த வரியில். முதல் வரியை மட்டும் தேர்ந்தெடுத்து ரன் கொடுத்தால் அட்டவணையே காலி. மைஎஸ்க்யூஎல்லில் இதைத் தடுக்கும் ‘சேஃப் அப்டேட்ஸ்’ அமைப்பு உண்டு. போஸ்ட்கிரஸில் இணைப்பையே படிக்க மட்டும் என்று திறக்கலாம். பூட்டு கையிலேயே இருக்கிறது, எடிட்டர்தான் பூட்டுவதில்லை. ப்ரொடக்‌ஷன் என்று குறித்த இணைப்பு இயல்பாகவே படிக்க மட்டும் திறக்கட்டும். எழுத வேண்டியிருந்தால் டிரான்ஸாக்‌ஷனுக்குள் ஓட்டி, எத்தனை வரிசைகள் மாறின என்று காட்டிவிட்டுக் கமிட் கேட்கட்டும். அட்டவணையையே நீக்கும் கட்டளைக்குத் தனி எச்சரிக்கை வேண்டும். மைஎஸ்க்யூஎல்லில் அது தானாகவே கமிட் ஆகிவிடும், ரோல்பேக் கைகொடுக்காது.

இதெல்லாம் வேலையைத் தாமதப்படுத்தும் என்ற வாதம் எங்களுக்குத் தெரியும். சோதனைத் தளத்தில் ஒரு தடையும் வேண்டாம் என்றே நாங்களும் சொல்கிறோம்.

கடவுச்சொல் இயங்குதளத்தின் சாவிப்பெட்டகத்தில் இருக்க வேண்டும். கிட்டில் ஏறிவிடக்கூடிய புராஜெக்ட் கோப்பில் கூடவே கூடாது.

அடுத்தது பொது நெறிமுறை. 2016இல் மைக்ரோசாஃப்ட், ரெட் ஹேட், கோடென்வி மூன்றும் சேர்ந்து லாங்குவேஜ் சர்வர் புரோட்டோகாலை முன்வைத்தன. ஒரு மொழிக்கு ஒருமுறை எழுதிய ஆதரவு பல எடிட்டர்களில் வேலை செய்ய அது வழிவிட்டது. தரவுத்தள இணைப்புக்கு அந்த அளவுக்குப் பரவிய பொது ஏற்பாடு இல்லை. ஒவ்வொரு நீட்சியும் தனக்கென இணைப்பு, தனக்கென ஸ்கீமா வைத்துக்கொள்கிறது. இதனால் பைத்தான் கோப்பில் சரத்துக்குள் எழுதிய வினவலில் புலத்தின் பெயர் ஒரு எழுத்து பிசகினால்கூடப் பல எடிட்டர்கள் வாய் திறப்பதில்லை. ஓட்டும்போதுதான் பிழை தெரிகிறது. ஜெட்பிரெயின்ஸின் கட்டணப் பதிப்புகளில் இந்தச் சோதனை வெகுகாலமாக உண்டு. காசு கட்ட முடியாதவருக்கும் அது கிடைக்க வேண்டும்.

ஏஐ உதவியாளர்களுக்கு ஸ்கீமாவைக் காட்டலாம். வாடிக்கையாளர் விவரம் உள்ள வரிசைகள் ஒவ்வொரு முறையும் அனுமதி கேட்காமல் வெளியே போகக் கூடாது.

எங்கள் உறுப்பினர்கள் பராமரிக்கும் நீட்சிகளில் நிற அடையாளத்தையும் படிக்க மட்டும் இணைப்பையும் இயல்புநிலை ஆக்குகிறோம். எடிட்டர் குழுக்கள் பொது நெறிமுறைக்கு முன்வந்தால் வரைவு எழுதவும் சோதிக்கவும் ஆள் தருகிறோம்.