சித்திரப்படமும் ஓர் அறிவியல் பாடமே

சித்திரப்படம் என்றதும் நம் நினைவுக்கு வருவது எது? பூனையும் எலியும் ஒன்றையொன்று துரத்துவதுதான். அது சிறுவர்களின் பொழுதுபோக்கு, தேர்வு நெருங்கினால் அணைத்துவிட வேண்டிய ஒன்று என்பதே பெரும்பாலான வீடுகளிலும் பள்ளிகளிலும் நிலவும் கருத்து. இக்கருத்தை நான் ஏற்கவில்லை. அரை நிமிடம் ஓடும் ஒரு சித்திரப்படத்தைத் தம் கையாலேயே செய்து பார்க்கும் மாணவ மாணவியர், பாடநூலில் உருப்போட்ட பலவற்றைக் கண்ணாரக் கண்டு உணர முடியும். எனவே அதற்குரிய இடம் அறிவியல் வகுப்புதான் என்று சொல்வேன். நான் கெலவரப்பள்ளி அணைப் பகுதியைச் சேர்ந்தவன். பள்ளியில் படித்தபோதும், இப்போது கல்லூரியிலும், நண்பர்களுடன் சேர்ந்து சில குறும் சித்திரப்படங்களைச் செய்தும் பிறர் செய்தவற்றை ஆராய்ந்தும் வந்ததில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து இது.

பட்டாணிச் செடியும் தீக்குச்சிகளும்

இந்தியத் திரைப்படத்தின் தந்தை எனப் போற்றப்படும் தாதாசாகேப் பால்கே, 1913இல் 'ராஜா ஹரிச்சந்திரா'வை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1912இல், அவர் ஒரு சின்னஞ்சிறு படம் எடுத்திருந்தார். தொட்டியில் பட்டாணியை ஊன்றி, அதன் எதிரே காமிராவை அசையாமல் நிறுத்தி, நாள்தோறும் சிறிது சிறிதாகப் படம் பிடித்துவந்தார். ஒரு மாதத்திற்கும் மேலாகச் சேர்த்த படங்களைத் தொடர்ந்து ஓட்டியபோது, விதை முளைத்துக் கொடியாக வளர்வது சுமார் ஒரு நிமிடத்தில் கண்முன் நிகழ்ந்தது. பணம் போடத் தயங்கியவர்களுக்கு இதைக் காட்டித்தான் அவர் நம்பிக்கை ஊட்டினார். பின்னர் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அவை தாமே ஓடியாடுவதுபோலவும் ஒரு படம் செய்தார். நம் நாட்டுத் திரைப்படத்தின் தொடக்கத்திலேயே ஒரு தாவரவியல் பாடம் இருந்திருக்கிறது!

தமிழகத்திற்கும் இக்கலை புதிதன்று. அந்நாளைய நடிகர் நடிகையரைக் கேலி செய்யும் 'சினிமா கதம்பம்' என்ற சித்திரப்படத்தை 1947இல் சென்னை ஜெமினி ஸ்டூடியோ வெளியிட்டது. 1956இல் வால்ட் டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய் வந்து, மத்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷனில் இளம் ஓவியர்களுக்குப் பயிற்சி அளித்தார். புத்த ஜாதகக் கதையொன்றை ஒட்டி அங்கே உருவான 'ஆலமர மான்' இந்தியச் சித்திரப்படங்களுள் புகழ்பெற்றது.

அசைவது எங்கே?

சித்திரப்படத்தில் உண்மையில் எதுவும் அசைவதில்லை. சிறிது சிறிதாக வேறுபடும் அசையாத படங்கள், வினாடிக்கு 24 வீதம், ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றுகின்றன. அவ்வளவே. பிறகு அசைவு எங்கிருந்து வருகிறது?

'பார்வை நீடிப்பு' என்று நீங்கள் உடனே விடை கூறலாம். விழித்திரையில் விழுந்த பிம்பம் சிறிது நேரம் நீடிப்பதாகவும், அதற்குள் அடுத்த பிம்பம் வந்து சேர்ந்துகொள்வதாகவும் பல நூல்களில் படித்திருப்பீர்கள். சற்றே சிந்தித்துப் பாருங்கள். பழைய பிம்பம் மறையாமல் இருக்க, அதன்மேல் புதிய பிம்பம் விழுந்தால் என்ன ஆகும்? இரண்டும் கலந்து குழம்பலாகத் தெரிய வேண்டுமே தவிர, தெளிவான அசைவாகத் தெரியக் காரணமில்லை. 1912இல் ஜெர்மானிய உளவியலாளர் மாக்ஸ் வெர்தைமர், அடுத்தடுத்து இரு இடங்களில் தோன்றி மறையும் கோடுகளைக் காட்டிச் சோதித்தார். இடைவெளி தக்க அளவில் இருந்தபோது, பார்த்தவர்கள் இரண்டு கோடுகளைக் காணவில்லை. ஒரே கோடு இங்கிருந்து அங்கே நகர்வதையே கண்டார்கள். படங்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. பிம்பம் நீடிப்பது திரை மினுக்காமல் தெரிய உதவலாம். அசைவைக் கட்டமைப்பது மூளையே.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் வேண்டாம். பழைய நோட்டுப் புத்தகத்தின் ஓரத்தில், ஒரு தாளில் இடப்பக்கமும் அடுத்த தாளில் வலப்பக்கமுமாக மாற்றி மாற்றிப் புள்ளி வையுங்கள். மெதுவாகப் புரட்டினால் இரண்டு புள்ளிகள் தெரியும். விரைவாகப் புரட்டினால் ஒரே புள்ளி துள்ளும். பாடநூலில் உள்ள விளக்கத்தையும் கேள்வி கேட்கலாம் என்ற துணிவை எனக்குத் தந்தது இந்தப் புள்ளிதான்.

பந்து விழுந்தால் என்ன வரைவீர்கள்?

சித்திரப்படம் செய்வோர் அனைவரும் முதலில் பழகுவது, விழுந்து எழும் பந்து. ஒரு பந்து மேலிருந்து விழுவதை வரையச் சொன்னால் பலரும் சம இடைவெளி விட்டு வரைவார்கள். படத்தை ஓட்டினால் பந்து விழுவதுபோல் இராது. நூலில் கட்டி இறக்குவதுபோல் இருக்கும். ஏன்? விழும் பொருளின் வேகம் வினாடிக்கு வினாடி கூடுகிறது. சம கால இடைவெளிகளில் அது கடக்கும் தூரங்கள் 1, 3, 5, 7 என்ற ஒற்றைப்படை எண்களின் விகிதத்தில் இருக்கும் என்று கலிலியோ கண்டறிந்து ஏறக்குறைய 400 ஆண்டுகள் ஆகின்றன.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு சித்திரத்தையும் இருமுறை காட்டினால் வினாடிக்கு 12 சித்திரங்கள் போதும். முதல் 1/12 வினாடியில் பந்து விழும் தூரம் சுமார் 3.4 செ.மீ. அடுத்தடுத்த இடைவெளிகளில் 10.2, 17, 23.8 செ.மீ. என்று தூரம் கூடிக்கொண்டே போகும். அரை வினாடியில், அதாவது ஆறு இடைவெளிகளில், பந்து 122 செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். இந்த எண்களைத் தக்க அளவில் சுருக்கித் தாளில் குறித்து வரைந்தால் பந்துக்கு எடை வந்துவிடுகிறது! தேர்வில் எழுதுவதற்காக மட்டும் கற்ற சமன்பாடு, பென்சில் முனையில் பயன்படுவதை அப்போது உணரலாம்.

பிறர் செய்த படங்களை ஆராய்வதும் இவ்வாறே பயன் தருகிறது. கைப்பேசியில் ஒரு சித்திரப்படத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். மலை உச்சியைத் தாண்டி ஓடிய பாத்திரம், கீழே பார்க்கும்வரை ஆகாயத்திலேயே நிற்கும். புவியீர்ப்பு விதியை அந்தக் கலைஞர் வேண்டுமென்றே மீறியிருக்கிறார். விதி தெரிந்தவர்க்குத்தான் அந்த மீறல் நகைச்சுவை. ஒவ்வொரு சித்திரத்திலும் என்ன இருக்கிறது என்பதைவிட, இரண்டு சித்திரங்களுக்கு இடையே என்ன நிகழ்கிறது என்பதே முக்கியம் என்று கனடா நாட்டுக் கலைஞர் நார்மன் மெக்லாரன் கருதினார். அறிவியல் மாணவர்க்கும் இது பொருந்தும் அன்றோ?

எங்கள் ஊர் நுரை

இனி என் வாதத்தின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். சித்திரப்படம் பார்ப்பவரை எளிதில் நம்ப வைத்துவிடும். ஆகையால் அதை வரைபவர்க்குப் பொறுப்பும் மிகுதி.

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணையாறு, தமிழகத்திற்குள் நுழைந்ததும் ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தேங்குகிறது. அணையின் முழு நீர்மட்டம் 44.28 அடி. பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வழியாக வரும் கழிவுநீரும் இந்த ஆற்றில் கலக்கிறது. மழைக்காலத்தில் மதகுகளைத் திறக்கும்போது வெண்ணுரை மலைபோல் பொங்கி எழுகிறது. தரைப்பாலத்தை நுரை மூடி, போக்குவரத்து தடைப்பட்டதும் உண்டு.

இந்த நுரையைப் பற்றி 40 வினாடிப் படம் ஒன்று செய்ய நாங்கள் நான்கு பேர் முனைந்தோம். 480 சித்திரங்கள் தேவைப்பட்டன. கொம்பும் கோரைப்பல்லும் உள்ள ஓர் ஆலை அரக்கன் எல்லைக்கு அப்பாலிருந்து நஞ்சை உமிழ்வதாக வரைவோம் என்பது எங்களிடையே எழுந்த முதல் யோசனை. வரைவது எளிது, கைதட்டலும் கிடைக்கும். ஆனால் நுரை எப்படி உண்டாகிறது என்ற கேள்விக்கு அதில் விடை இல்லையே!

தூய நீரில் எழும் குமிழி உடனே உடைந்துவிடும். சோப்புத்தூள் போன்றவற்றின் மூலக்கூறுகளுக்கு, நீரை நாடும் தலையும் நீரை விலக்கும் வாலும் உண்டு. அவை குமிழிச் சுவரின் இருபுறமும் அணிவகுத்து நின்று, இடையே உள்ள மெல்லிய நீர்ப்படலத்தைக் காக்கின்றன. மதகிலிருந்து நீர் விழும் வேகத்தில் காற்று கலக்கக் குமிழிகள் பெருகுகின்றன. இதை வரைந்து முடித்ததும் ஒரு புதிர் எழுந்தது. மழை பெய்தால் கழிவு நீர்த்துப்போகும். நுரை குறைய வேண்டும். ஆனால் மழைக்காலத்தில்தானே கூடுகிறது? மழைக் காட்சியில் எதை வரைவது?

விடை தேடியபோது, பெல்லந்தூர் ஏரி நுரையைப் பற்றி பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தினர் செய்த ஆய்வு உதவியது. சோப்புப் பொருள்களில் ஒரு பகுதி ஏரியின் அடிச்சேற்றில் படிந்து சேர்ந்துவிடுகிறது. பெருமழையில் சேறு கலங்கும்போது அது மீண்டும் நீருக்கு வந்து நுரையைப் பெருக்குகிறது என்று அவர்கள் கண்டிருக்கிறார்கள். எங்கள் படத்தில் அரக்கன் போய், சேறு வந்தது. கூடவே, துணி துவைத்த நீர் வழிந்தோடும் ஒரு சாதாரண வீட்டுச் சாக்கடையும் வந்தது. அந்த வீடு எல்லைக்கு எந்தப் பக்கம் என்பதை நாங்கள் வரையவில்லை. சோப்புத்தூள் இரு பக்கத்து வீடுகளிலும் இருக்கிறது. ஆலைக் கழிவின் பங்கு எவ்வளவு என்பதை நீரைச் சோதித்துத்தான் சொல்ல வேண்டும். தூரிகையால் தீர்ப்பு எழுதக் கூடாது.

பேச்சில்லாத மொழி

ஓசூர் வட்டாரத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் புழங்குகின்றன. எங்கள் படத்தில் வசனமே கிடையாது. எம்மொழி பேசும் தோழரும் விளக்கமின்றிப் புரிந்துகொண்டனர். மெக்லாரன் 1949இல் யுனெஸ்கோ அனுப்பிச் சீன நாட்டுப்புறத்திற்குச் சென்று, எழுத்தறியா மக்களுக்குச் சுகாதாரத்தைப் படங்களின் மூலம் விளக்கும் முறையை அங்குள்ள ஓவியர்களுக்குக் கற்பித்தார். குஜராத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய இஷு பட்டேல், ஆயிரக்கணக்கான மணிகளைக் காமிராவின் கீழ் நகர்த்தி நகர்த்தி 1977இல் உருவாக்கிய படத்திலும் பேச்சில்லை. அது ஆஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. மணிகள் கிடைக்காவிட்டால் நமக்கென்ன? கேழ்வரகு இல்லாத வீடு இப்பகுதியில் ஏது? தொழிற்பேட்டைப் பட்டறைகளில் கழித்துப் போட்ட நட்டும் போல்ட்டும் போதுமே!

நேரம் வீணாகுமா?

"மதிப்பெண் பெற வேண்டிய வயதில் இதெல்லாம் எதற்கு?" என்று பெற்றோர் கேட்பது நியாயமே. எங்கள் 40 வினாடிப் படத்திற்கு ஒரு மாதத்து மாலை நேரங்கள் செலவாயின. ஆனால் வேகம், முடுக்கம், பரப்பு இழுவிசை, மூலக்கூறு அமைப்பு ஆகிய பாடங்களை அதன்பின் நாங்கள் மீண்டும் உருப்போட வேண்டியிருக்கவில்லை.

"கணிப்பொறியே எல்லாவற்றையும் வரைந்து தருகிறதே, ஒரு வாக்கியம் சொன்னால் செயற்கை நுண்ணறிவு முழுப் படத்தையும் தந்துவிடுமே" என்று வேறு சிலர் கேட்கலாம். தரும், அழகாகவும் தரும். அந்தப் படத்தில் நுரை சரியான வேகத்தில் நகர்கிறதா, அதற்குக் காட்டிய காரணம் உண்மையா என்று யார் சரிபார்ப்பது? ஒருமுறையேனும் கையால் வரைந்து அளந்தவர்க்கே அந்தக் கண் வாய்க்கும். பொய்ப்படங்களும் மெய்போல் உலவும் இந்நாளில் இந்தப் பயிற்சி முன்னைவிட அதிகம் தேவைப்படுகிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கு ஒரு வேண்டுகோள். பருவத்திற்கு இரண்டு வகுப்புகளை இதற்கு ஒதுக்குங்கள். அறிவியல் கண்காட்சியில் அட்டை மாதிரிகளுக்குப் பக்கத்தில் மாணவர் செய்த அரை நிமிடப் படத்திற்கும் ஓர் இடம் கொடுங்கள். அழகுக்கு மட்டும் மதிப்பெண் போடாமல், அளவெடுத்ததற்கும் காரணம் தேடியதற்கும் போடுங்கள்.

மாணவ நண்பர்களே, நீங்கள் அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. நான்கு புத்தகங்களை அடுக்கி அதன்மேல் ஒரு கைப்பேசியைச் சாய்த்து வைத்தால் படப்பிடிப்பு நிலையம் தயார். உங்கள் ஊரின் ஆறோ, ஏரியோ, பட்டறையோ, உங்களுக்குப் புரியாத ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நுரை பொங்கும் நீரானால் எட்டி நின்றே பாருங்கள், கை வைக்காதீர்கள். 3 மீட்டர் தூரத்தை ஒரு நுரைக்கட்டி எத்தனை வினாடியில் கடக்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பென்சிலை எடுங்கள்.