பச்சக் குழந்தைக்கு எதுக்குங்க ஊசி?

"பிறந்த அன்னிக்கே ஊசியா? இயற்கைக்கு விரோதம்"னு மறுபடி ஒரு வாட்ஸப் ஃபார்வர்டு சுத்துது. அதை நம்பி வைட்டமின் கே ஊசியை வேணாம்னு சொல்றவங்களுக்காக இந்த த்ரெட். கோபமாத்தான் எழுதறேன்.

மொதல்ல, இது தடுப்பூசியே கிடையாது. ஒரு வைட்டமின். 1 மில்லிகிராம், தொடையில, ஒரே தடவை (எடை ரொம்பக் குறைஞ்ச குழந்தைக்கு அளவு இன்னும் கம்மி). கல்லீரல் தயாரிக்கிற 2, 7, 9, 10ங்கிற உறைகாரணிகள் இது இல்லாம வேலை செய்யாது.

"தாய்ப்பால்ல இல்லாததா?" ஆமா, இது மட்டும் போதுமான அளவு இல்லை. 6 மாசம் தாய்ப்பால் மட்டும் குடுங்கன்னு தினமும் தொண்டை வத்தக் கத்துற நானே சொல்றேன். நஞ்சுக்கொடி வழியாவும் கொஞ்சம்தான் போகுது. அம்மா கீரை சாப்பிட்டா மட்டும் இந்தக் குறை தீராது.

ஊசி போடாத எல்லாக் குழந்தைக்கும் ரத்தம் கசியாது. "எங்க காலத்துல போட்டோமா?"ன்னு பாட்டி கேக்குறதுக்குக் காரணமே அதுதான். ஆனா கசியுற குழந்தை அதுவரைக்கும் கொழுகொழுன்னு, நல்லா பால் குடிச்சிட்டு இருக்கும். ஒரு மாசம், ஒன்றரை மாசத்துல திடீர்னு வாந்தி, வலிப்பு. ஸ்கேன் எடுத்தா மூளைக்குள்ள ரத்தம். அப்புறம் ஊசி போட்டு ரத்தத்தை உறைய வைக்கலாம். அழிஞ்ச மூளையை என்ன பண்றது?

2013ல அமெரிக்காவின் நாஷ்வில்ல 4 குழந்தைகளுக்கு இதே ரத்தக்கசிவு. நாலு பேருக்கும் பெத்தவங்க ஊசி வேணாம்னு சொல்லியிருந்தாங்க. அவங்கள்ல சிலர் சொன்ன காரணம், ரத்தப் புற்றுநோய் வந்துடும்கிற பயம். 1992ல பிரிட்டன்ல வந்த ஒரு ஆய்வு கிளப்பின சந்தேகம் அது. பின்னாடி வந்த பெரிய ஆய்வுகள்ல அது நிரூபணமாகல. ஃபார்வர்டுல அந்தப் பாதி மட்டும் வராது!

எங்க ஆளுங்களையும் விடப்போறதில்ல. ஊசி போட்டா டிஸ்சார்ஜ் சம்மரியில எழுதுங்க டாக்டர். ராத்திரி 2 மணிக்கு வலிப்போட வர்ற குழந்தைக்கு "கே போட்டாங்களா?"ன்னு கேட்டா, அப்பா முழிக்கிறார். தாள்லயும் ஒண்ணும் இல்லை.

வீட்டுலயோ ஆம்புலன்ஸ்லயோ பிறந்த குழந்தையா? இன்னிக்கே கூட்டிட்டுப் போய்க் கேளுங்க. தொப்புள்ல நிக்காத கசிவு, மூக்குல துளி ரத்தம், காரணமில்லாத கன்னிப்போன தடம், கறுப்பு மலம், உச்சிக்குழி புடைப்பு, இதுல ஒண்ணு இருந்தாலும் காலையில பாத்துக்கலாம்னு படுக்காதீங்க. அப்பவே கிளம்புங்க.