மூடியைக் கழற்றிப் பார்ப்போம்

"வெளையாடறதுக்கா கம்ப்யூட்டர்?"

எங்கள் படிப்பகத்துக்கு அவ்வப்போது உதவி செய்யும் ஒருவர் கேட்ட கேள்வி இது. போட்டித் தேர்வுப் புத்தகங்கள் வாங்கியிருந்தால் கேட்டிருக்க மாட்டார். தட்டச்சுப் பயிற்சிக்கு என்று பொய் சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டார். வசதியான வீட்டுப் பையன் இரவெல்லாம் விளையாடினால் அதற்குப் பெயர் பொழுதுபோக்கு. எங்கள் தெருப் பையன் ஒரு மணிநேரம் விளையாடினால் 'கெட்டுப் போயிட்டான்'. படிப்பதற்கும் உழைப்பதற்கும் மட்டுமே எங்கள் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறதா என்ன? விளையாட்டு யாரும் யாருக்கும் போடும் சலுகை அல்ல. ஆம், விளையாடத்தான் வாங்கினோம். ஒளித்துச் சொல்ல எங்களுக்கு ஒன்றுமில்லை.

அந்தக் கணினியைச் சேர்த்துக் கட்டிய பிறகு நடந்ததைத்தான் இங்கே பேச வேண்டும். அதில் இதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பொருள் பழுதானால் காரணத்தைக் கண்டுபிடிக்கும் தகுதி யாருக்கு இருக்கிறது?

முதலில் வாங்கிய கதை. கடைக்குள் நுழைந்ததும் நம் கண்ணில் படுவது கேபினெட். கண்ணாடிக் கதவு, உள்ளே நான்கு கலர் ஃபேன், தீபாவளிக் கடைபோல் மின்னுகிறது. பையன்கள் அங்கேயே விழுந்துவிட்டார்கள். உண்மையில் தேர்வு தொடங்க வேண்டிய இடம் அதுவல்ல, மானிட்டர். எந்தத் திரையில் விளையாடப் போகிறோம் என்பது முடிவானால்தான் எந்த கிராஃபிக்ஸ் கார்டு போதும் என்று தெரியும். கார்டு முடிவானால் அதற்கு ஈடுகொடுக்கும் பிராசஸர், பிராசஸருக்குப் பொருந்தும் மதர்போர்டு, இவை எல்லாம் இழுக்கும் மின்சாரத்தைக் கூட்டிப் பார்த்து அதற்கேற்ற எஸ்எம்பிஎஸ். கேபினெட் கடைசி. காற்று போய்வர வழி இருந்தால் போதும்.

எங்கள் திரை 1080பி. அதற்கு ஆர்எக்ஸ் 6600 கார்டும் ரைசன் 5 5600 பிராசஸரும் தாராளம். ஒன்று 2021இல் வந்தது, மற்றது 2022இல் வந்தது. "ஓல்டு மாடல்" என்று கடையில் உதட்டைப் பிதுக்கினார்கள். பழைய மாடல் என்பது குறையல்ல. நம் தேவைக்குப் போதுமா, போதாதா என்பது மட்டுமே கேள்வி. இரண்டு 8 ஜிபி ரேம் போட்டோம். ஒரே 16 ஜிபியாகப் போடாமல் இரண்டாகப் போட்டால் இரு தடத்திலும் தரவு ஓடும், விளையாட்டில் வேகம் கூடும்.

இவ்வளவையும் சரியாகச் செய்த நாங்கள் ஓரிடத்தில் கோட்டை விட்டோம். "இந்த கேபினெட் எடுத்தா 500 வாட் எஸ்எம்பிஎஸ் ஃப்ரீ" என்றார் கடைக்காரர். கையில் இருந்த பணம் கரைந்து கொண்டிருந்த நேரம். ஓசியில் வருகிறதே என்று மகிழ்ச்சியாகவே வாங்கினோம். ஆக, நடந்த தவறில் எங்கள் பங்கும் உண்டு.

இரண்டாவது நாளே வந்தது வினை. விளையாடத் தொடங்கிப் பத்து நிமிடம், பட்டென்று அணைந்தது. நீலத் திரை இல்லை, எச்சரிக்கை இல்லை. மறுபடி போட்டால் எதுவும் நடக்காததுபோல் எழுந்து உட்கார்ந்தது. மறுபடி விளையாட்டு, மறுபடி இருட்டு.

கடைக்குத் தூக்கிப் போனோம். மூடியைக்கூடக் கழற்றாமல், "போர்டு போயிடுச்சு, ஒம்பதாயிரம் ஆவும்" என்றார்கள். எப்படித் தெரியும் என்று எங்கள் பையன் கேட்டான். வந்த பதில்: "அதெல்லாம் உங்களுக்குப் புரியாது தம்பி, வச்சிட்டுப் போங்க."

'உங்களுக்கு.' அந்தச் சொல்லில் யார் யாரெல்லாம் அடக்கம் என்பது சொன்னவருக்குத்தான் வெளிச்சம். எங்களுக்கு ரொம்பப் பழகிய சொல் அது. பள்ளிக்கூடத்தில், வங்கியில், தாலுகா ஆபீசில் கேட்டுக் கேட்டுக் காது மரத்த சொல். புரியாது என்று சொல்லிவிட்டால் விளக்க வேண்டிய கடமை தீர்ந்தது. விளக்காமல் விட்டால் அடுத்த முறையும் புரியாது. இந்தச் சுற்றில்தான் எத்தனையோ பேருடைய பிழைப்பு ஓடுகிறது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தோம். தெருவில் பெரியவர் ஒருவர், "ஒரு எலுமிச்சம்பழம் சுத்திப் போடுங்கப்பா" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். காரணம் மறைக்கப்படும் இடத்தில்தான் கைராசியும் எலுமிச்சம்பழமும் குடியேறுகின்றன.

பிள்ளைகள் வேறொன்று செய்தார்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எப்போது அணைகிறது, அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதத் தொடங்கினார்கள். மூன்று நாளில் நோட்டே பேசியது. சினிமா பார்த்தால் அணையவில்லை. தட்டச்சு செய்தால் அணையவில்லை. விளையாட்டு ஓடும்போது மட்டுமே அணைகிறது. அப்படியென்றால், சுமை ஏறும்போதுதான் கோளாறு.

சுமை ஏறினால் என்னென்ன ஆகும்? சூடாகும். வெப்பநிலை காட்டும் இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தார்கள். பிராசஸர் 74 டிகிரி, கார்டு 70 டிகிரி. இந்தப் பிராசஸரின் எல்லை 90. மேலும், சூடு கூடினால் பிராசஸர் முதலில் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காத்துக்கொள்ளும், எடுத்த எடுப்பில் அணையாது. சூடு காரணமில்லை. ரேம்? மெம்டெஸ்ட்86 என்ற சோதனையை இரவு முழுக்க ஓடவிட்டார்கள். ஒரு பிழையும் இல்லை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவில் ஒவ்வொரு முறையும் 'கெர்னல் பவர் 41' என்று இருந்தது. முறைப்படி அணைக்கப்படாமல் நின்றது என்பதைத்தான் அது சொல்லும். ஏன் என்று சொல்லாது.

அடுத்து ஒரு காசு செலவில்லாத சோதனை. விளையாட்டின் அமைப்பில் போய் நொடிக்கு 30 காட்சிகளுக்கு மேல் வேண்டாம் என்று கட்டிப்போட்டார்கள். கார்டின் வேலை குறைந்தது, இழுக்கும் மின்சாரமும் குறைந்தது. ஒரு மணிநேரம் அணையாமல் ஓடியது!

அதற்குப் பிறகுதான் மூடியைக் கழற்றினோம். எஸ்எம்பிஎஸ்ஸின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டை, பிளஸ் டூ படிக்கும் எங்கள் மாணவி டார்ச் அடித்துப் படித்தாள். "அண்ணா, 500 எங்க இருக்கு? 12 வோல்ட்டுல 18 ஆம்பியர்தான போட்டிருக்கு?"

வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் வாட். பன்னிரண்டு பதினெட்டு 216. கார்டும் பிராசஸரும் உயிர் வாழ்வது இந்த 12 வோல்ட் தடத்தில்தான். கார்டுக்குக் குறிக்கப்பட்ட அளவு 132 வாட். பிராசஸர் பெட்டியில் 65 வாட் என்று போட்டிருந்தாலும் அதைவிடக் கூடுதலாக இழுக்க அதற்கு அனுமதி உண்டு. இரண்டும் சேர்ந்தாலே 216ஐ நெருங்கிவிடும். போர்டு, ஃபேன் கணக்கு தனி. இதற்கு மேல் கார்டு கண நேரத்துக்குத் தன் அளவைத் தாண்டி இழுக்கும் வழக்கமும் உண்டு. 216ஐ வைத்துக்கொண்டு அதற்கு மேல் எங்கே போவது? '500 வாட்' என்பது பெட்டியின் முகப்பில் பெரிய எழுத்தில் இருந்தது. உண்மை பக்கவாட்டில் பொடி எழுத்தில் இருந்தது. யாரும் மறைக்கவில்லை, நாம் படிக்க மாட்டோம் என்ற நம்பிக்கையே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

தெரிந்த தோழரிடம் ஒரு நல்ல 550 வாட் எஸ்எம்பிஎஸ் இரவல் வாங்கிப் போட்டோம். அதன் சீட்டில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர், அதாவது 540 வாட். எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் இரண்டு மணிநேரம் விளையாடினார்கள். அணையவில்லை. போர்டு நன்றாகத்தான் இருந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் மிச்சம்.

இதில் மேதைமை எங்கே இருக்கிறது? ஒரு பெருக்கல் கணக்கு, ஒரு நோட்டு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் பொறுமை. மூன்றை ஒன்றாக மாற்றிச் சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. பணம் மட்டும் மூன்று மடங்கு போயிருக்கும்.

எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது '80 பிளஸ்' முத்திரையை மட்டும் நம்ப வேண்டாம். சுவரிலிருந்து இழுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே சேர்கிறது என்பதற்கான முத்திரை அது, ஆயுளுக்கான உத்தரவாதம் அல்ல. 12 வோல்ட் ஆம்பியரைப் பாருங்கள். எத்தனை ஆண்டு வாரண்டி என்று பாருங்கள். ஃபேனில் விளக்கு எரியாவிட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

கட்டி முடித்துப் பொத்தானை அழுத்தியதும் திரை கறுப்பாகவே நின்றால் பதற வேண்டாம். மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். ரைசன் 5 5600இல் உள்ளமைந்த கிராஃபிக்ஸ் கிடையாது. போர்டில் இருக்கும் எச்டிஎம்ஐ துளையில் செருகினால் விடிய விடியக் காத்திருந்தாலும் படம் வராது. கார்டில்தான் செருக வேண்டும். பிறகு ரேம். பிராசஸர் பக்கமிருந்து எண்ணினால் பெரும்பாலான போர்டுகளில் இரண்டாவது, நான்காவது துளைகள்தான் அதற்கான இடம். 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பிராசஸருக்கு அருகில் தனியாக ஒரு மின் இணைப்பு இருக்கிறது, புதிதாகக் கட்டுபவர்கள் பலர் மறப்பது இதைத்தான். அப்படியும் வரவில்லையென்றால் ஒரே ஒரு ரேமை மட்டும் வைத்துப் போட்டுப் பாருங்கள். பழைய பி450 போர்டு என்றால், இந்தப் பிராசஸரை அடையாளம் காண அதன் பயாஸைப் புதுப்பிக்க வேண்டியிருக்கலாம். பல போர்டுகளின் ஓரத்தில் பிராசஸர், ரேம், கார்டு, பூட் என்று நான்கு சின்ன விளக்குகள் உண்டு. எதில் விளக்கு நின்றுவிடுகிறதோ, சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறது என்று எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர் வீட்டிலிருந்து சொன்னார்கள். கணினி கெட்டுவிட்டதாகப் பயந்திருந்தார்கள். கணினியில் கோளாறில்லை, சுவரில்தான் கோளாறு. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இருக்கும் வடிகட்டியிலிருந்து கசியும் சிறு மின்சாரம் எர்த் வழியாக இறங்க வேண்டும். பிளக்கில் மூன்றாவது துளை இருக்கிறது, அதன் பின்னால் கம்பி இல்லை. தொகுப்பு வீடுகளிலும் வாடகை அறைகளிலும் எத்தனை சுவர்களுக்குப் பின்னால் அந்தக் கம்பி இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தால் கணக்கு நன்றாக இருக்காது. இன்று சுர்ரென்பது கணினி. நாளை கிரைண்டரோ வாட்டர் ஹீட்டரோ உள்ளே பழுதானால் போவது உயிர். உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து எர்த் போடச் சொல்லுங்கள். வாடகை வீடென்றால் வீட்டுக்காரரிடம் கேளுங்கள். வெட்கப்பட வேண்டியவர் கேட்பவர் அல்ல.

கடையிலும் அப்படித்தான். "பில் வேணாம்னா வரி கழிச்சிக்கலாம்" என்பார்கள். வரி 18 சதவீதம். குறைகிறதே என்று மனம் தடுமாறும். பில் இல்லாவிட்டால் வாரண்டி கேட்டுப் போகும் நாளில் நம் கையில் ஒரு சான்றும் இருக்காது. ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணோடும் பில் வாங்குங்கள். எங்கள் இலவச எஸ்எம்பிஎஸ் பில்லில் ஏறவே இல்லை. திருப்பிக் கொடுக்கப் போனபோது, "ஃப்ரீயா குடுத்ததுக்கு என்னங்க கேள்வி?" என்று முடித்துவிட்டார்கள். எங்களுக்கு அது பாடம். பில் இருந்தும் மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. கூப்பிடத் தயங்காதீர்கள்.

அப்படியானால் பழுது பார்ப்பவர்களே தேவையில்லையா என்று கேட்கலாம். தேவை. பொடிப்பொடிச் சில்லுகளைச் சூடுவைத்து எடுத்து மாற்றும் கைகளின் திறமையை நாங்கள் மதிக்கிறோம். அதற்குரிய கூலியைப் பேரம் பேசாமல் தர வேண்டும் என்பதே எங்கள் நிலை. எங்கள் சண்டை உழைப்பவரோடு அல்ல, 'உங்களுக்குப் புரியாது' என்பதையே தொழிலாக வைத்திருப்பவரோடு. திறப்பதற்கும் எல்லை உண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறோம். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், ஆளைக் கொல்லும். எதைத் திறக்கக் கூடாது, ஏன் கூடாது என்று தெரிந்திருப்பதும் அறிவுதான். 'தொடாதே' என்று மட்டும் சொல்பவருக்கும், காரணத்தோடு 'தொடாதே' என்று சொல்பவருக்கும் உள்ள வேறுபாட்டை நம்மைவிட யார் அறிவார்?

ஞாயிறுதோறும் மாலையில் படிப்பகம் திறந்திருக்கிறது. கெட்டுப்போன கணினி இருந்தால் தூக்கி வாருங்கள். திருப்புளி இருக்கிறது, நோட்டு இருக்கிறது, பிள்ளைகள் இருக்கிறார்கள். பக்கத்தில் நின்று டார்ச் அடிப்போம். மூடியை மட்டும் நாங்கள் கழற்ற மாட்டோம். அதை நீங்கள்தான் கழற்ற வேண்டும்.