ஏர் அவிழ்க்கிற நேரம்

போன மாசம் அக்கா மகன் சென்னையிலிருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. வந்தவன் ரெண்டு நாள் தூங்கினான். மூணாவது நாள் வரப்புல உட்கார்ந்து, "மாமா, வேலையை விட்டுட்டு இங்கயே வந்து விவசாயம் பாக்கலாம்னு இருக்கேன். அங்க முடியல" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரெண்டு வருஷம் முன்னாடி நானும் அப்படித்தான் இருந்தேன், இதே வயல்ல. சம்பா கதிர் வர்ற நேரம். மடை ஓரத்துல மம்பட்டியோட நிக்கிறேன், தண்ணி வெட்டி விடத் தோணல. காஞ்சா காயட்டும்னு ஒரு நினைப்பு. உடம்பு வலின்னா ஒரு ராத்திரி தூங்கினா போயிடும். இது தூங்கி எழுந்தாலும் போகல. பயிரைப் பார்த்தா சந்தோஷமும் இல்ல, கவலையும் இல்ல. அதுதான் பயமா இருந்துச்சு.

இதுக்குப் பேர் 'பர்ன் அவுட்' என்று மாப்ளதான் சொன்னான். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் இதை நோய் என்று சொல்லாமல், வேலையால் வருகிற பாதிப்பு என்று வகைப்படுத்தியிருக்கிறது. தீராத அசதி, வேலை மேல் ஒட்டாத மனசு, செய்வது எதுவும் உருப்படியாக இல்லை என்ற எண்ணம், இந்த மூன்றும்தான் அதன் அடையாளம்.

எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். எங்க அப்பா காலத்துல விடியுமுன்ன ஏர் பூட்டுவாங்க. வெயில் ஏறினதும் அவிழ்த்துடுவாங்க, மாடு தாங்காது. அமாவாசைக்கு எங்க ஊர்ல ஏரே பூட்ட மாட்டாங்க. மாட்டுக்குக் கிடைச்ச ஓய்வு மனுசனுக்கும் கிடைச்சுது. அப்பா ஒண்ணும் சொகுசா வாழல, கடனும் இருந்துச்சு. ஆனா வேலைக்கு ஒரு முடிவு இருந்துச்சு. இப்ப டிராக்டர் லைட்டைப் போட்டுக்கிட்டு ராத்திரியும் உழுவுது. மோட்டாரை செல்போன்லயே போடலாம். வசதிதான், வேண்டாம்னு சொல்லல. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு முழிச்சு, மோட்டார் ஓடுதான்னு போனைப் பாத்துக்கிட்டிருந்தேன். மிஷினுக்கு அசதி இல்ல. பக்கத்துல நிக்கிற மனுசனுக்கு உண்டு. உங்க லேப்டாப்பும் அந்த டிராக்டர் மாதிரிதான்.

அதனால கிராமத்துக்கு ஓடி வந்தா இது சரியாகாது. வருஷத்துக்கு ரெண்டு நாள் ரிசார்ட் போனாலும் தீராது. தினமும் ஏர் அவிழ்க்கிற நேரம் வேணும். அது உழைக்கிறவன் கையில மட்டும் இல்ல. மாடு வந்து கேட்டதாலயா அவிழ்த்தாங்க? பூட்டினவன்தான் பார்த்து அவிழ்த்தான். ராத்திரி பத்து மணிக்கு போன் போடுற மேனேஜருக்கும் அந்தப் பொறுப்பு உண்டு.

நான் செய்தது மூணு காரியம். விளக்கு வெச்ச பிறகு போனை மாடத்துல வெச்சிடறேன். மூணு மாவுல குறுவை, தாளடின்னு ரெண்டு போகம் போட்டதை நிறுத்திட்டு, சம்பா ஒரு போகம், அப்புறம் உளுந்து. உளுந்து வேர் முடிச்சு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும், எனக்கும் மூச்சு விட நேரம். வருமானம் குறைஞ்சுதான் போச்சு. மூணாவது, கடன் மொத்தம் எவ்வளவுன்னு வீட்டுல சொன்னேன். பாதி பாரம் அதுலதான் இருந்திருக்கு.

இதை எழுதி வீட்டுல படிச்சுக் காட்டினேன். "நல்லாத்தான் இருக்கு. என்னை எப்ப அவிழ்த்து விடுவீங்க?" என்று கேட்டாள். வயலுக்கும் வர்றா, வந்து அடுப்படிக்கும் போறா. முப்பது வருஷத்துல நான் இதை யோசிச்சதே இல்ல. இப்ப ராத்திரி பாத்திரம் நான் கழுவுறேன். அது போதாதுன்னும் தெரியும்.

உங்க வீட்டுல யாரை இன்னும் அவிழ்த்து விடலன்னு ஒரு தடவை பாருங்க.